மேற்குக்கு முதுகு காட்டி

அந்தி நேரத்து இடிமேகத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று கேமராவோடு வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துத்தான் நிற்கிறார்கள். மேற்கே. சூரியன் அங்கேதானே இறங்குகிறது. நான் தோளைத் தொட்டுத் திருப்பி விடுவேன். "கெழக்கால பாரு தம்பி, நெய்வேலிப் பக்கம். சூரியன் முதுகுல படட்டும்." பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். நம்பாதவர்கள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டமும் அதன் கீழே கறுப்பாக ஒரு பனைமரமும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அந்தப் படத்தை எந்த ஊரிலும் எடுக்கலாம்.

விருத்தாசலத்தில் ஸ்டூடியோ வைத்துப் பிழைப்பவன் நான். கல்யாணம், மஞ்சள் நீர், பாஸ்போர்ட் சைஸ், செராமிக் கம்பெனிகளின் கேட்லாக் என்று எல்லாம் எடுத்திருக்கிறேன். மேகம் என் சொந்தச் செலவு. அதை ஒழுங்காக எடுக்க எனக்குக் கற்றுக் கொடுத்தது இந்த ஊர் இருக்கும் இடம்தான்.

வரைபடத்தைப் பிரித்து வைத்துப் பாருங்கள். மேற்கே சுமார் எழுபது கிலோமீட்டரில் கல்வராயன் மலை. கிழக்கே ஐம்பது அறுபது கிலோமீட்டரில் கடலூர்க் கடல். நடுவே முந்திரியும் கரும்பும் மானாவாரியுமாக விரிந்து கிடக்கிற சமதரை. ஆனி பிறந்ததிலிருந்து புரட்டாசி வரைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக நம் பக்கம் இறங்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று எதிர்த் திசையில் உள்ளே புகும். இரண்டும் முட்டுகிற இடத்தில், பகல் முழுக்கச் சூடேறிய தரைக்கு மேலே, மேகம் எழும்பும். எழும்பிய மேகத்தை நடு உயரத்து மேல்காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். மலையோரம் பிறந்த இடி, கள்ளக்குறிச்சியைத் தாண்டி, எங்களைத் தாண்டி, நெய்வேலியைத் தாண்டிக் கடலுக்குப் போகும். ஆடி, ஆவணியில் இதுதான் அதன் வழக்கமான பாதை.

இதில் எல்லாமே நேரத்தைப் பொறுத்தது. மலையில் இரண்டரை மணிக்குக் கிளம்பிய மேகம் ஐந்து மணிக்குள் எங்களை நனைத்துவிட்டுக் கிழக்கே போய்விட்டால் அன்றைக்குப் படம் உண்டு. நாலரைக்குக் கிளம்பினால் இங்கே வந்து சேர இருட்டிவிடும். மின்னல் மட்டும்தான் கிடைக்கும். நடுவில் ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்துகொண்டால் ஒன்றும் கிடையாது. ஊர் முழுக்கச் சாம்பல் நிறத்தில் இருட்டும், கரண்டும் போகும், கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

மேகம் கிழக்கே போன பிறகு ஏன் அப்படி ஒரு வெளிச்சம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பல வருஷம் கண்ணால் பார்த்த பிறகுதான் புத்தகத்தில் படித்தேன். இடிமேகம் மேலே போய் முட்டி, கொல்லன் பட்டறைக்கல் மாதிரித் தட்டையாக விரியும். அந்த விரிந்த தலை எந்தப் பக்கம் நீளுகிறது என்பதை அந்த உயரத்துக் காற்று தீர்மானிக்கும். தென்மேற்குப் பருவ மாதங்களில் நம் தலைக்கு மேலே 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோடீஸ்வரம் 1958-இல் அதைப் பற்றி எழுதினார். வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று என்று உலகம் முழுக்க இன்று பாடம் நடத்துகிறார்கள். ஆக, மேகத்தின் உடம்பு கிழக்கே நகர்கிறது, தலை மேற்கே நீள்கிறது. உடம்பு நெய்வேலியில் இருக்கும்போது தலையின் விளிம்பு நம் உச்சிக்கு மேலே கூரை போட்டிருக்கும். சூரியன் இறங்கி அந்தக் கூரையின் மேற்கு விளிம்புக்குக் கீழே வரும்போது, வெளிச்சம் பக்கவாட்டில் புகுந்து கூரையின் அடிப்பாகம் முழுவதையும் தடவிக்கொண்டு போகும். சில நாள் அந்த அடிப்பாகம் பை பையாகத் தொங்கும். ஒவ்வொரு பைக்கும் ஒரு பக்கம் ஆரஞ்சு, ஒரு பக்கம் நீலம். அதை ஒரு முறை பார்த்தவன் சூரியனை எடுக்க மாட்டான்.

இதே கணக்கில் எதிர்ப்பக்கமும் புரிந்துவிடும். மேகம் கள்ளக்குறிச்சியில் நிற்கும்போது அதன் தலை ஆத்தூர், சேலம் பக்கம் நீண்டு சூரியனை முழுக்க மூடிவிடும். மேற்கே பார்த்து நிற்பவர்களுக்குக் கறுப்புச் சுவர் ஒன்றுதான் தெரியும். மேகத்துக்கும் அடிவானத்துக்கும் நடுவே ஒரு விரல் அளவு இடைவெளி இருந்து, அதற்குள் சூரியன் வந்து எட்டிப் பார்த்தால் ஒரு படம் உண்டு. அதை நம்பி உட்காருவது லாட்டரிச் சீட்டு வாங்குகிற மாதிரி. சித்திரை, வைகாசிக் கோடைமழைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது மேலே அந்தக் கிழக்குக் காற்று ஓட்டம் பிடித்திருக்காது, தலை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது.

மேகம் பார்க்க எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவர்கள் வானிலைக்காரர்கள் அல்ல, செராமிக் பட்டறைப் பெண்கள். இந்த ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது மேலே கிடைக்கிற வெள்ளைக் களிமண்தான் எங்கள் ஊர்த் தொழிலுக்கு அடித்தளம். தொழிற்பேட்டையில் சின்னச் சின்ன யூனிட்டுகள். பொம்மை, அகல், ஜாடி, கரண்டு ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர் என்று என்னென்னவோ செய்வார்கள். பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித் தர அரசுக் கல்லூரியே இருக்கிறது. சின்ன யூனிட்டில் வேலை எப்படி என்றால், மண்ணைக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்; கூழ் ஓரத்தில் தடித்துப் பொம்மையாக நிற்கும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டுப் பொம்மையை எடுத்துக் காய வைப்பார்கள். நனைந்த அச்சையும் வெயிலில் காய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஊற்றுக்கு உறிஞ்சாது. சுடாத பொம்மை மேல் நாலு சொட்டு மழை விழுந்தால் போதும், முகம் கரைந்துவிடும். ஒரு நாள் கூலி போச்சு.

அதனால் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வானத்தின் மேல் ஒரு கண் எப்போதும் உண்டு. கேட்லாக் படம் எடுக்கப் போயிருந்த ஒரு மதியம். வெயில் கொளுத்துகிறது. வாசலில் பிள்ளையார் வரிசையை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்: "தம்பி, காத்து நின்னுடுச்சு பாரு. மேக்கால கறுக்கும். கேமராவ வெச்சுட்டு ஒரு கை புடி, சரக்க உள்ள எடுத்துடலாம்." நான் மேற்கே பார்த்தேன். வெளுப்பாக ஒரு புகை மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பலகை பலகையாகப் பிள்ளையார்களை உள்ளே தூக்கினோம். முக்கால் மணி நேரத்தில் குளிர்ந்த காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்தது. நான் பார்த்த அந்த வெளுப்புதான் மேகத்தின் தலை. கறுப்பு அதற்குப் பின்னால் வந்தது.

காற்று நிற்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் அக்கா என்று பிறகு கேட்டேன். "வேர்வ காயல இல்ல?" என்றார். கடற்காற்றும் மேல்காற்றும் சரிக்குச் சரி தள்ளிக்கொள்கிற இடத்தில் கொஞ்ச நேரம் இரண்டும் இல்லாமல் போகும். அதைத்தான் அவர் தோலில் படித்திருக்கிறார். இன்றைக்குக் காரைக்கால் ரேடார் படமும் சென்னை ரேடார் படமும் கைபேசியிலேயே வருகின்றன, செயற்கைக்கோள் படம் வருகிறது. எல்லாம் பார்க்கிறேன். ஆனாலும் கடையை விட்டுக் கிளம்பலாமா வேண்டாமா என்கிற முடிவை எடுப்பதற்கு முன்னால் வாசலுக்கு வந்து, சட்டை முதுகில் ஒட்டுகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன்.

எடுக்கிற விதத்துக்கு வருகிறேன். மழை விட்டதும் முதலில் மஞ்சள் வெளிச்சம் ஒன்று வரும். தெரு, சுவர், ஆடு, எல்லாம் மஞ்சள். பாலக்கரையில் நிற்கிறவர்களே "என்னப்பா இது" என்று மேலே பார்ப்பார்கள். அந்த நேரத்தில் கிழக்கே வானவில் கட்டாயம் தேட வேண்டும். சூரியன் அடிவானத்தை நெருங்க நெருங்க வில் பெரிதாகும். மறையும் தறுவாயில் சரியான அரை வட்டம். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 84 டிகிரி. முழு ஃபிரேம் கேமராவில் 20 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் விளிம்போடு விளிம்பாக அடங்கும்; 24 போட்டால் ஒரு கால் வெட்டுப்படும். சூரியன் நல்ல சிவப்பாக இறங்கும் நாளில் வில்லிலும் நீலம், பச்சை எல்லாம் உதிர்ந்து சிவப்பு மட்டும் நிற்கும். அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் கேமராவில்தான் கோளாறு என்று நினைத்தவர்களை எனக்குத் தெரியும்.

வானவில்லை விட்டு மேகத்தை மட்டும் எடுக்கும்போது, போலரைசர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிடலாம். அது சூரியனுக்குப் பக்கவாட்டில், செங்கோணத்தில் இருக்கும் வானத்தைத்தான் இருட்டாக்கும். நாம் நேர் எதிரில் பார்க்கிறோம். அங்கே அதற்கு வேலை கிடையாது, வெளிச்சத்தில் பாதியைத் தின்றுவிடும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடக் கூடாது. கேமராவுக்குச் செக்கச் சிவந்த வானம் என்றால் ஏதோ நோய் என்று நினைப்பு. மருந்து போட்டு வெள்ளையாக்கிவிடும். பகல் வெளிச்சத்துக்கான எண்ணில் நிறுத்தி வையுங்கள். ஹிஸ்டோகிராமில் மூன்று நிறத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். அந்தியில் மொத்த வெளிச்சம் சரியாக இருப்பதுபோல் காட்டும். அதற்குள் சிவப்பு மட்டும் வழிந்து போயிருக்கும். வழிந்த சிவப்பில் மேகத்தின் மடிப்பு இருக்காது, வர்ணம் அடித்த தகரம் மாதிரி இருக்கும். ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்தால் போதும். நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், போன சிவப்பைக் கொண்டுவர முடியாது.

சூரியன் மறைந்ததும் எல்லோரும் மூட்டை கட்டுவார்கள். உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. தரையில் நிற்கிற நமக்குச் சூரியன் போய்விட்டது. 15 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற மேகத்தலைக்குப் போகவில்லை. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் ஏறக்குறைய 4 டிகிரி தாழ்ந்திருக்கும். நம் அட்சரேகையில் சூரியன் ஒரு டிகிரி இறங்க 4 நிமிடமும் சில நொடிகளும் ஆகும். கணக்குப் போட்டால், நமக்கு மறைந்த பிறகும் கால் மணி நேரத்துக்குச் சற்று மேலேயே மேகத்தின் உச்சியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஆவணியில் ஆறரை மணி சுமாருக்குச் சூரியன் போனால், ஆறே முக்கால் வரைக்கும் நமக்கு வேலை உண்டு. அடியில் மேகம் கறுநீலமாகிவிடும், இடுப்பில் சிவப்பு, தலையில் இன்னும் வெள்ளை. பூமியின் நிழல் மேகத்தின் மேல் ஏறிக்கொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம். இருட்டிய அடிப்பாகத்துக்குள் மின்னல் அடித்தால் உள்ளிருந்து விளக்கு போட்டதுபோல் தெரியும். மேலே வெயிலும் கீழே மின்னலும் ஒரே படத்தில் விழ ஏழெட்டு நிமிடம்தான் இடம் உண்டு. ஐஎஸ்ஓ 100, அப்பெர்ச்சர் எட்டு, ஷட்டரை இரண்டு, மூன்று நொடி என்று வைத்து, விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நன்றாக இருட்டிய பிறகு பதினைந்து, இருபது நொடி.

மழை கழுவிய காற்றில் நிறம் சுத்தமாக இருக்கும். தூசு நிறைய இருந்தால் சிவப்பு வரும் என்று சொல்வார்கள். வரும், ஆனால் கலங்கிய சிவப்பு. வெகு உயரத்தில் போய்த் தங்குகிற எரிமலைத் தூசு மட்டும் வேறு ரகம். 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவில் கிராக்கத்தோவா வெடித்தது. செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித், நிறமாலைமானி வைத்து அந்தப் பச்சைச் சூரியனை ஆராய்ந்து எழுதினார். பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்துக்குத் தலைவராக இருந்தவர் அவர்தான். அன்றைக்குக் கலர் ஃபிலிம் இல்லாமல் போனதே என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

கலர் ஃபிலிம் இருந்த காலத்திலும் ஆதங்கம் இருந்தது. கடையில் கல்யாணத்துக்கு வாங்கி மிச்சமான நெகட்டிவ் ரோலில்தான் ஆரம்பத்தில் மேகம் எடுத்தேன். லேபுக்கு அனுப்பினால் பிரிண்ட் வெளுத்து வரும். அங்கே இருக்கிற மெஷினுக்கு எல்லாப் படமும் கல்யாணப் படம்; முகத்தில் சிவப்பு ஏறியிருக்கிறது என்று அதுவாகவே குறைத்துவிடும். ஃபியூஜியின் வெல்வியா ஸ்லைடு ஃபிலிம் 1990-இல் வந்தது. அதில் எடுத்தால் யாரும் நடுவில் புகுந்து திருத்த முடியாது. விலை கடித்தது, கழுவ வெளியூர் அனுப்ப வேண்டும், வேகம் 50 என்பதால் ட்ரைபாட் இல்லாமல் முடியாது. ஆனாலும் வெளிச்சத்தை அளப்பதை எனக்கு அதுதான் பழக்கியது. அரை ஸ்டாப் தப்பினால் மன்னிக்காத ஃபிலிம்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாமல் போக முடியாது. புகைப்படம் பிறந்த காலத்து நெகட்டிவ்கள் நீல ஒளிக்கு அளவுக்கு மேல் அசைந்து கொடுக்கும். கோபுரம் சரியாக விழுந்தால் வானம் வெள்ளைத்தாளாகிவிடும். 1858-இல் தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், மதுரை என்று நம் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், அதற்கு முன் 1855-இல் பர்மாவில் எடுத்த காகித நெகட்டிவ்களில் தன் கையாலேயே வர்ணம் தொட்டு மேகம் வரைந்து சேர்த்தார். அதே காலத்தில் பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டை ஒட்டி ஒரே பிரிண்டாகப் போட்டார். ஆக வானத்தை மாற்றுகிற வேலை எங்கள் தொழிலின் தொட்டில் பழக்கம். என் முதலாளி கடையிலும் பெயிண்டர் வரைந்த மேகப் படுதா ஒன்று தொங்கியது. அதன் முன்னால் உட்காராத குடும்பம் இந்த வட்டாரத்தில் குறைவு.

2020 அக்டோபரில் ஃபோட்டோஷாப்பிலேயே வானத்தை மாற்ற ஒரு பட்டன் வந்தது. அதற்குப் பிறகு கரிஷ்மா ஆல்பம் டிசைன் செய்கிற தம்பிகளுக்குக் கொண்டாட்டம். மணிமுத்தாற்றுப் பாலத்தில் உச்சி வெயிலில் நிற்கிற மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால், எங்கோ வெளிநாட்டுச் சமவெளியில் எடுத்த புயல்மேகம் வந்து உட்காருகிறது. எனக்கு இதில் ஒழுக்கப் பிரச்சினை எதுவும் இல்லை. டிரைப் செய்யாததையா இவர்கள் செய்கிறார்கள். என் வருத்தம் எல்லாம் வெளிச்சத்தின் திசை பற்றியது. பெண்ணின் மூக்கு நிழல் உதட்டுக்கு நேர் கீழே விழுந்திருக்கும். மேகத்துக்கோ இடது பக்கம் ஆரஞ்சு. பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் படும். அந்தியில் இடிமேகத்துக்கு முன்னால் யாரையாவது நிறுத்தினால் முகத்துக்கும் மேகத்துக்கும் ஒரே விளக்கு. ஃபிளாஷ் வேண்டாம், ரிஃப்ளெக்டர் வேண்டாம். மேற்கிலிருந்து வருகிற வெளிச்சம் முகத்தில் நேராக அடிக்கும், பின்னால் மேகம் கறுத்து நிற்கும். பழமலைநாதர் கோயில் கோபுரங்களையும் அந்த நேரத்தில் மேற்குப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். சுதை பொன்னாக இருக்கும், பின்னால் மை ஊற்றிய மாதிரி வானம். இந்தப் படத்துக்கு ஒட்டுவேலை எதற்கு?

ஐப்பசி பிறந்துவிட்டால் என் கிழக்குக் கணக்கு முடிந்துவிடும். அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மேகம் கடலிலிருந்து வரும், பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் பலப்படும், சாயங்காலம் அடை மழையாக மூடிக்கிடக்கும். அது அதிகாலையில் எழுந்திருப்பவர்களின் பருவம். நான் கல்யாண வேலைக்கே அந்த நேரத்தில் சிணுங்குகிறவன்.

புயலைப் பற்றியும் கேட்பார்கள். புயல்மேகம் எடுத்திருக்கிறீர்களா என்று. புயல் நெருங்குவதற்கு ஓரிரு நாள் முன்னால் அதன் உச்சியிலிருந்து சிதறி வருகிற மெல்லிய மேகத்தில் அந்தி நன்றாகச் சிவக்கும், அவ்வளவுதான் படம். உள்ளே வந்த பிறகு சாம்பல் நிறத் துணி ஒன்றைத் தலைக்கு மேல் இழுத்துப் பிடித்ததுபோல் இருக்கும், உருவம் என்று ஒன்றும் கிடையாது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை ஏறியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று. கடலூர் மாவட்டத்து முந்திரியும் பண்ருட்டிப் பலாவும் வேரோடு போயின. மறுநாளிலிருந்து என்னைக் கூப்பிட்டதெல்லாம் சேதத்தைப் படம் எடுக்கத்தான். தாத்தா நட்ட மரம், கல்யாணத்துக்கு நம்பியிருந்த மரம் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று எடுக்கச் சொன்னார்கள். வேர் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது, மேலே புயல் துடைத்துவிட்டுப் போன வானம் பளிச்சென்று நீலமாக இருக்கிறது. அந்த நீலத்தைப் படத்தில் குறைத்துவிடலாமா என்று தோன்றியது. குறைக்கவில்லை. முந்திரி மீண்டும் காய்க்க வருஷங்கள் ஆகும் என்பது படம் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் மேகப் படத்தைக் கடைச் சுவரில் மாட்டவில்லை. வருகிறவர்களுக்கு அது அழகாகப் பட்டிருக்காது.

ஆபத்து பற்றிச் சுருக்கமாக. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் மேகம் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கட்டடத்துக்குள் அல்லது காருக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே. டூவீலர் காருக்குச் சமம் ஆகாது. பனைமரத்தடியும், ஏரிக்கரை மேட்டில் ட்ரைபாடோடு நிற்பதும் கூடவே கூடாது. திட்டக்குடிப் பக்கத்து வெலிங்டன் ஏரியில் மேகம் தண்ணீரில் கவிழ்ந்து தெரியும், ஆசை பிடித்து இழுக்கும். அங்கேதான் ஒதுங்க இடம் இல்லை. புனேயில் இருக்கிற வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி, சுற்றுவட்டாரத்தில் எங்கே மின்னல் விழுந்தது என்று கைபேசியில் காட்டும். கிழக்கே போகிற மேகத்தை எடுப்பதில் இன்னொரு வசதியும் இதுதான்: அது நம்மைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கும். என்றாலும் பின்னாலேயே இன்னொன்று கிளம்பியிருக்கிறதா என்று மேற்கே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ட்ரைபாடை விரிக்க வேண்டும்.

கேமராவுக்கும் ஆபத்து உண்டு. மழை ஈரத்தோடு பையை மூடி வைத்தால் ஒரே மாதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்திவலை கட்டும். காற்று புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். தொழிற்பேட்டை வெள்ளைத்தூசு அதைவிட மோசம். அங்கே நின்று லென்ஸ் மாற்றினால் சென்சாரில் போய் ஒட்டிக்கொண்டு, நீல வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். மேகத்தில் புள்ளி மறைந்துவிடும் என்பார்கள் சிலர். மறையாது.

மேகப் படத்துக்கு விலை உண்டா என்றால், கிட்டத்தட்டக் கிடையாது. காலண்டருக்கு யாரும் இடிமேகம் கேட்பதில்லை. லட்சுமியும் முருகனும்தான் போகும். அபூர்வமாக ஒரு வேலை வந்தது. இன்சுலேட்டர் செய்கிற யூனிட்காரர் ஒருவர் கேட்லாக் அட்டைக்குப் படம் கேட்டார். இன்சுலேட்டருக்குப் பின்னால் மின்னலோடு புயல்மேகம் இருக்க வேண்டும். "நெட்டுல நல்லதா ஒண்ணு எடுத்து ஒட்டிடுங்கண்ணே, யாருக்குத் தெரியப்போவுது" என்றார். நான் இன்சுலேட்டரைக் கையில் எடுத்துக் காட்டினேன். பழுப்பு கிளேஸ், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. அதன் வளைவில் அவர் ஆபீஸ் டியூப்லைட்டு, ஜன்னல், நாங்கள் இருவரும் தெரிந்தோம். பின்னால் எந்த வானத்தை ஒட்டினாலும், முன்னால் என்ன இருந்தது என்பதைக் கிளேஸ் காட்டிக் கொடுத்துவிடும் என்றேன். அவர் தொழில் அது, உடனே புரிந்துகொண்டார்.

ஆவணி வரைக்கும் காத்திருந்தார் மனிதர். ஒரு நாள் ஐந்து மணிக்குள் மழை வந்து போனது. யூனிட் மொட்டை மாடியில் மரக்கட்டை மேல் இன்சுலேட்டரை நிறுத்தி, கிழக்கே பார்த்து ட்ரைபாட் போட்டேன். தூரத்தில் நெய்வேலிப் புகைபோக்கிகள், அதற்கு அப்பால் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த மேகம். ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் அடிவயிற்றில் ஒரு மின்னல் கிடைத்தது. இன்சுலேட்டரின் வளைவில் எங்களுக்குப் பின்னால் இருந்த மேற்கு வானம் முழுவதும் ஆரஞ்சுக் கோடாக ஓடியது.

மானிட்டரில் பெரிதாக்கிப் பார்த்த யூனிட்காரர் அந்த ஆரஞ்சின் நடுவே விரலை வைத்தார். "இந்தக் கறுப்பா நிக்கிறது என்னண்ணே?"

"நான்தான். பக்கத்துல ட்ரைபாடு."

"எடுத்துடலாமா?"

எடுத்துக் கொடுத்தேன். அதற்குத் தனியாக இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டேன்.